நாற்பத்து மூன்று நாடுகளின் ஆதரவு

தூதர் என்ற பட்டத்தை அவளுக்குக் கொடுத்தது பல்கலைக்கழகம் அல்ல, அதன் சலவைக்கூடம். ஒரு மத்தியானம் துணிப்பை நிறையக் குட்டிக் குட்டிக் கொடிகளைச் சுமந்துகொண்டு அவள் உள்ளே நுழைந்தபோது, அங்கே வேலை பார்த்த அவளுடைய அண்ணன் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, இயந்திரங்களின் இரைச்சலையும் மீறிக் கத்தினான்: "வழி விடுங்க, வழி விடுங்க! தூதரு வர்றாங்க!"

சலவைக்கூடமே சிரித்தது. விரிப்புகளை உதறிக்கொண்டிருந்த பெரியம்மா, ஈரக் கையோடு வந்து அவள் கன்னத்தைக் கிள்ளினாள். பெரியம்மா யாருக்கும் பெரியம்மா அல்ல. கூடத்தில் வயதில் மூத்தவள், அவ்வளவுதான்.

"எதுக்கு பாப்பா இத்தனை கொடி?" என்றான் அண்ணன்.

"எங்க மன்றத்து விழாவுக்குண்ணே. கசங்கிப்போய்க் கிடக்கு."

அண்ணன் அவற்றை ஒவ்வொன்றாகத் தேய்த்தான். உள்ளங்கை அகலமே உள்ள துணிகள். நட்சத்திரம் எந்தப் பக்கம், பிறை எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டுத் தேய்த்தான். இந்த நாடு எங்கே இருக்கிறது, அங்கே குளிருமா, துணி காயுமா என்று கேட்டான். அவனுக்கு அந்தக் கூடத்தில் மடிப்பு என்று பெயர். அவன் மடித்த சட்டை மறுநாள்வரை மடிப்புக் கலையாது. அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது அவன் பத்தாம் வகுப்பில் இருந்தான். தங்கை படிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பள்ளியை விட்டு நின்றவன், அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. தியாகம் என்று யாராவது சொன்னால், "அட, எனக்குக் கணக்கு வராதுங்க" என்று விடுவான்.

தங்கைக்கு எல்லாம் வந்தது. கணக்கு வந்தது, பேச்சு வந்தது, பல்கலைக்கழகத்தில் இடம் வந்தது. மனித உரிமைகள், உலக விவகாரங்களுக்கான மாணவர் மன்றத்தில் இரண்டாம் ஆண்டிலேயே தலைவர் பதவியும் வந்தது.

அந்த மன்றம் முன்பெல்லாம் மிதிவண்டி நிறுத்தத்தின் பக்கத்தில், மாடிப்படிக்கு அடியில் கூடும். அவள் தலைவரானதும் பதிவாளரைப் பார்த்துப் புதுக் கட்டடத்தில் குளிரூட்டிய அறை கேட்டாள். பதிவாளர் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். எல்லாரையும் அம்மா, ஐயா என்றுதான் கூப்பிடுவார். அறைக்கு வாடகை கேட்கவில்லை. "உலகத்தைப் பத்திப் பேசுங்கம்மா, தாராளமாப் பேசுங்க. உள்ளூர்க் குப்பையைக் கிளறாம இருந்தா சரி" என்றார்.

அவளே உட்கார்ந்து விதி எழுதினாள். சொந்த நாட்டு வழக்கையும், உறுப்பினரின் உறவினர் சம்பந்தப்பட்ட வழக்கையும் மன்றம் எடுக்காது. நடுநிலை காக்க என்று காரணமும் எழுதினாள். அதை அவள் நம்பினாள் என்பதுதான் கொடுமை. தலையில் துப்பாக்கி வைத்து எழுதச் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம். அவள் சிந்தித்து, திருத்தி, நல்ல நடையில் எழுதினாள். தனக்கு வேண்டியவன் விஷயத்தில் எவனும் நியாயமாக எடை போட மாட்டான் என்று புத்தகங்களிலிருந்து மேற்கோள் காட்டினாள். கைதட்டினார்கள். அறை கிடைத்தது.

விதி முதலில் விழுந்தது ஒரு முதலாண்டுப் பெண்ணின் தலையில். தடித்த கண்ணாடி போட்டவள், பெயரும் கண்ணாடி என்றே ஆகிவிட்டது. அவளுடைய அப்பா கல்குவாரியில் கூலி உயர்வு கேட்டவர். காவல் நிலையத்துக்குள் நடந்து போனார், வெளியே தூக்கிவந்தார்கள். இப்போது ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறார். அதைச் சொல்ல எழுந்தவள் பாதியில் அழுதுவிட்டாள்.

"உட்காரும்மா" என்றாள் தூதர். "சொந்தக் கதை இங்கே வேண்டாம். அழுகை ஆதாரம் ஆகாது."

எல்லாரும் மதிப்போடு தலையசைத்தார்கள். பிறகு எங்கேயோ ஆறாயிரம் கல் தொலைவில் சிறையிலிருந்த ஒரு பத்திரிகைக்காரருக்காகத் தீர்மானம் போட்டார்கள். கண்ணாடியும் கை தூக்கினாள்.

இனி சலவைக்கூடத்துக்கு வருவோம். விடுதிகளின் படுக்கை விரிப்புகளை இழுத்துத் தேய்க்கும் பெரிய உருளை இயந்திரம் அங்கே உண்டு. விரிப்பின் ஒரு முனையைக் கொடுத்தால் மறுபக்கம் சுடச்சுட வெளியே வரும். கை உள்ளே போகாமல் தடுக்க முன்னால் ஒரு கம்பி இருக்க வேண்டும். அது உடைந்து பல மாதம் ஆகியிருந்தது. அண்ணன் மேற்பார்வையாளரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் அவர் ஒரு பிளாஸ்டிக் கயிற்றை எடுத்துக் கட்டிவிட்டு, "போதுமாய்யா? இல்ல தங்கத்துல செஞ்சு போடட்டுமா?" என்று கேட்டார்.

பெரியம்மாவின் கை விரிப்போடு உள்ளே போனது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினார்கள். அதுவும் வேலை செய்யவில்லை. அண்ணன் ஓடிப்போய்த் தேய்ப்புப் பெட்டியால் மின்பெட்டியின் பூட்டை உடைத்து மொத்த மின்சாரத்தையும் நிறுத்தினான். நிறுத்தியதால்தான் முழங்கை தப்பியது. மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் தப்பவில்லை.

அந்த மின்பெட்டியிலிருந்துதான் விருந்தினர் மாளிகைக்கும் மின்சாரம் போனது. அங்கே பதிவாளர், வெளிநாட்டிலிருந்து வந்த பேராசிரியர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் பெருமையைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார். திரை அணைந்தது. பெருமையும் அணைந்தது. அன்று சாயங்காலம், கம்பி மாட்டாமல் இயந்திரத்தைத் தொட மாட்டோம் என்று சலவைத் தொழிலாளர்கள் தரையில் உட்கார்ந்தபோது காவல் வண்டி வந்தது. பொதுச்சொத்தை உடைத்தது, வேலையைத் தடுத்தது, ஆட்களைத் தூண்டியது. எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் போதுமானவனாக இருந்தான்.

சிறையில் பார்வையாளர் கூடம் என்பது இரண்டு கம்பிவலைகள், நடுவே ஒரு முழ இடைவெளி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கத்தும் முப்பது பேர்.

"பதிவாளரு ஆள் அனுப்பியிருந்தாரு பாப்பா" என்று கத்தினான் அண்ணன். "பெரியம்மா தூக்கக் கலக்கத்துல தானா கையை விட்டுடுச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, புகாரை வாபஸ் வாங்கிக்கிறாங்களாம்."

"அப்படிப் போட்டா அவங்களுக்கு ஒரு காசு நஷ்ட ஈடு கிடைக்காதேண்ணே!"

"தெரியும். போட்டுடலாம்னுதான் பாக்குறேன். நீ படிப்பை முடிக்கணும். வெளியே வந்து கிழவி கால்ல விழுந்துக்கிறேன்." பிறகு வலைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தான். "ஏன் பாப்பா, உங்க மன்றத்துல சொல்லிப் பாரேன். எங்கெங்கேயோ உள்ள இருக்கிறவங்களுக்கெல்லாம் குரல் குடுக்குறீங்களே."

அவள் சொல்லிப் பார்த்தாள். கூட்டத்தில் எழுந்து, அழாமல், விஷயத்தை வரிசையாக வைத்தாள். கம்பி, கயிறு, பொத்தான், பூட்டு, கை. முடித்ததும் மன்றத்தின் செயலாளர் தலையைச் சொறிந்தான். எந்தக் கூட்டத்துக்கும் பிஸ்கட்டோடு வருகிற, யார் மனதையும் நோகடிக்காத பையன். "அக்கா, கேட்கவே கஷ்டமா இருக்கு. ஆனா விதி…"

"எனக்குத் தெரியும். நான்தான் எழுதினேன். மாத்தலாம்னு கேட்கிறேன்."

மன்றத்தின் ஆலோசகர், உலக அரசியல் பேராசிரியர், மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மாத்தலாம்மா. ஆனா உன் அண்ணனுக்காக மாத்தினோம்னு பேர் வரும். அது உனக்கே அசிங்கம் இல்லையா?"

"அப்ப நான் தலைவர் பதவியை விட்டுடறேன் சார். நீங்க எடுங்க."

"சொந்த நாட்டு வழக்கு அப்பவும் சொந்த நாட்டு வழக்குதானே" என்றான் யாரோ. "அறையைப் பிடுங்கிட்டா? புரொஜெக்டர் எல்லாம் இருக்கு."

தூதர் கண்ணாடியின் பக்கம் திரும்பினாள். இந்த ஒருத்தியாவது என்று நினைத்தாள். எந்த உரிமையில் நினைத்தாள் என்று கேட்காதீர்கள். கஷ்டத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.

கண்ணாடி எழுந்தாள். "அக்கா ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க" என்றாள், மரியாதையாக. "உட்காருங்கக்கா. அழுகை ஆதாரம் ஆகாது."

"நான் அழவே இல்லையே."

"நானும் கொஞ்சமாத்தான்கா அழுதேன்."

வாக்கெடுப்பில் தூதரின் கை மட்டும் மேலே இருந்தது. பிறகு செயலாளர் பிஸ்கட் டப்பாவை முதலில் அவளிடம்தான் நீட்டினான்.

ஆண்டு விழாவான உலக அவை நெருங்கியது. மாணவர்கள் ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து, கொடியை முன்னால் வைத்து, வாதாடித் தீர்மானம் போடும் நாள் அது. என்ன வழக்கு என்பதைத் தலைவர்தான் தேர்ந்தெடுப்பார். அவள் எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு தீவுக் குடியரசை உண்டாக்கினாள். அந்தத் தீவில் ஒரு பல்கலைக்கழகம். அதில் ஒரு சலவைக்கூடம். அங்கே ஒரு கிழவியின் கை, அதைக் காப்பாற்றப் பூட்டை உடைத்தவனுக்குச் சிறை. கற்பனை வழக்குக்கு விதியில் தடை இல்லை. அதை எழுத அவள் அன்று மறந்திருந்தாள்.

அன்று கொடிகள் மட்டும் கசங்கிக் கிடந்தன. தேய்க்க ஆள் இல்லை. மற்றபடி, இப்படி ஓர் அவை அதற்குமுன் நடந்ததில்லை என்றார்கள். புரொஜெக்டருக்காகக் கவலைப்பட்டவன் ஒரு வல்லரசின் கொடிக்குப் பின்னாலிருந்து எழுந்து, "மனிதனின் கையைவிட விரிப்புகள் உயர்ந்தவை என்று கருதும் அரசு, அரசே அல்ல!" என்று முழங்கினான். செயலாளர் கண் கலங்கினான். கண்ணாடிக்கு ஏதோ ஒரு சிறிய நாடு. "ஆதரிக்கிறேன்" என்று ஒரே சொல்லோடு உட்கார்ந்தாள், தூதரின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். நாற்பத்து மூன்று நாடுகளும் ஒரே குரலில், அந்தத் தொழிலாளியை உடனே விடுதலை செய்யக் கோரின. தலைமை விருந்தினராக முன்வரிசையில் இருந்த பதிவாளர் எழுந்து நின்று கைதட்டினார். "அந்தத் தீவில் சிறையில் இருப்பவன் ஒரு தொழிலாளி அல்ல, மனசாட்சி" என்று பேசினார். அடுத்த நாள் செய்தித்தாளில் படத்தோடு வந்தது.

கைதட்டல் ஒரு போதை. பொய் என்று தெரிந்தும் தலைக்கு ஏறும். மறுநாள் சிறைக்குப் போனபோது அவள் தலைக்குள் அது இன்னும் இறங்கவில்லை.

"அண்ணே!" என்று வலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "நாப்பத்து மூணு நாடு! உன்னை விடணும்னு ஒரே குரலாத் தீர்மானம் போட்டிருக்கு!"

விளையாட்டுத் தீர்மானம்தான், ஆனாலும் கேள், பதிவாளரே கைதட்டினார், நாளைக்குப் போய் அவரையே கேட்கப்போகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இரைச்சலில் அண்ணனுக்கு முதல் வரி மட்டுமே போய்ச் சேர்ந்தது. அவன் முகம் போன போக்கை அவள் பார்த்தாள். அப்பா இருந்த காலத்துக்குப்பிறகு அந்த முகத்தில் அவள் பார்க்காத ஒன்று அங்கே வந்தது. தன்னை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்ற நிம்மதி.

"நாப்பத்து மூணா?" அவன் பக்கத்திலிருந்தவனைப் பிடித்து உலுக்கினான். "கேட்டியாய்யா? என் தங்கச்சி! நான் சொல்லல?" திரும்பினான். "பாப்பா, அப்ப நான் கையெழுத்துப் போட வேணாம். பெரியம்மா கிட்டச் சொல்லு. ஒரு விரலைக்கூட அவங்களுக்கு எழுதிக் குடுக்க மாட்டேன்னு சொல்லு!"

மணி அடித்தது. காவலர்கள் கைதிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கத்திச் சொல்லியிருக்கலாம். அவளுக்குக் குரல் இருந்தது, மேடைகளில் பரிசு வாங்கிய குரல். அவள் கையை ஆட்டினாள்.

அந்த வாரக் கடைசியில் பதிவாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கோபமே இல்லை. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார்.

"என் ஆள் மறுபடி போயிருந்தாம்மா. உங்க அண்ணன் என்ன சொன்னாராம் தெரியுமா? 'நாப்பத்து மூணு நாடு என் பக்கம் நிக்குது. உங்க பதிவாளரு எந்த நாடு?'ன்னு கேட்டிருக்கார்." வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"சார், அன்னிக்கு நீங்களே எழுந்து நின்னு…"

"தீவுக்குத்தானேம்மா? முதல் நிமிஷமே புரிஞ்சுடுச்சு எனக்கு. அழகா எழுதியிருந்தே. கைதட்டினதுல எனக்கென்ன நஷ்டம்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வழக்கு நடந்தா மூணு வருஷம் போடுவாங்கன்னு வக்கீல் சொல்றார். சிறைக்காரங்களும் உங்க அண்ணனைக் கொஞ்சம் விளையாட்டாத்தான் வெச்சிருக்காங்களாம். நான் போய்ச் சொன்னா நம்ப மாட்டார். நீ சொன்னா நம்புவார். நீயே போய்ச் சொல்லிடு. தாளை என் ஆள் எடுத்துட்டு வருவான்."

மூன்று வருடம். அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு அவள் போனாள். எதிர்த்துப் பேச அவளுக்குத் தெரியாததல்ல. எத்தனையோ நாடுகளின் சிறைகளை எதிர்த்துப் பேசியிருக்கிறாள். இந்தச் சிறையில் அவள் அண்ணன் இருந்தான்.

அவனைக் கூட்டிவந்த காவலர், "வாங்க நாப்பத்து மூணு, வாங்க. உங்க கப்பற்படை வந்திருக்கு" என்று முதுகில் ஒரு குத்துக் குத்தினார். அண்ணனின் உதடு கிழிந்து காய்ந்திருந்தது. காலையில் ஒவ்வொரு நாட்டின் பெயராகச் சொல்லி சல்யூட் அடிக்கச் சொல்கிறார்களாம். பெயர் தெரியாமல் நின்றால் நாட்டுக்கு ஓர் அடி. அதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். "பாதிப் பேரு தெரியுது பாப்பா. நீ சொல்லிக் குடுத்ததுதான். மீதியை எழுதிக் குடு."

"அண்ணே, அது நிஜ நாடு இல்லண்ணே."

"என்னது?"

அன்றைக்குப் பார்த்துக் கூடத்தில் கூட்டம் குறைவு. கத்த வேண்டியிருக்கவில்லை. "எங்க பசங்க. ஆளுக்கொரு நாடா உக்காந்து பேசுவாங்க. விளையாட்டு மாதிரி. வருஷா வருஷம் நடக்கும்."

அவன் யோசித்தான். சட்டைக் காலரில் எங்கே கறை என்று தேடுகிற மாதிரி, பொறுமையாக யோசித்தான்.

"கொடி வெச்சுக்குவாங்களா, முன்னாடி?"

"ம்."

"நான் தேய்ச்சுக் குடுப்பேனே, அந்தக் கொடியா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். உள்பக்கம் காவலரோடு நின்ற பதிவாளரின் ஆளைப் பார்த்துக் கையை நீட்டினான். "குடுங்க. எங்கே போடணும்?" தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, பழக்கம் விடவில்லை, அதை விளிம்போடு விளிம்பு சேர்த்து நாலாக மடித்து நகத்தால் நீவிக் கொடுத்தான்.

புகார் வாபஸ் ஆனது. பதிவாளர் வாக்கு தவறாதவர். வேலையைத் திருப்பித் தருவதாக அவர் சொல்லவில்லை, தரவும் இல்லை. பெரியம்மாவுக்குத் தன் கவனக்குறைவால் ஏற்பட்ட காயம் என்று ஆவணமானது. அண்ணன் வெளியே வந்ததும் நேரே பெரியம்மா வீட்டுக்குப் போனான். காலில் விழக் குனிந்தவனை அவள் மிச்சமிருந்த கையால் தடுத்து, "விடுப்பா. எனக்கும் ஒரு பிள்ளை உள்ள இருந்திருந்தா நானும் போடச் சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் வெகுநேரம் அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றான். அன்றிலிருந்து அவன் வீட்டில் பேசுவது சாப்பாடு, தண்ணீர், விளக்கை அணை என்ற அளவோடு சரி. தூதரு என்று கூப்பிடுவதில்லை. பாப்பா என்றும் இல்லை.

அவள் மன்றத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். தீவுத் தீர்மானம் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடந்த போட்டியில் முதல் பரிசு பெற்றது. கோப்பை அறையில் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க வேறு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வருவதாக ஏற்பாடாகியிருந்தது. எல்லாரும் அறையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்கள். அலமாரியைக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

செயலாளர் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா, கொடியெல்லாம் போன தடவை மாதிரியே கசங்கிக் கிடக்கு. அசிங்கமா இருக்கும்." அவன் முகத்தில் ஒரு துளிக் கெட்ட எண்ணம் இல்லை. "உங்க அண்ணன் வெளியே வந்துட்டாராமே? ரொம்ப சந்தோஷம்கா. சும்மாதானே இருப்பார்? அவர்கிட்டக் குடுத்துடுங்களேன்."

கண்ணாடி துடைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

தூதர் பையை வாங்கிக்கொண்டாள்.